விமானிகளின் வயது வரம்பு

பயணிகள் விமானத்தை ஓட்டுபவர் எந்த வயதோடு அந்தப் பணியிலிருந்து விலக வேண்டும் என்று அரசுகள் வகுத்துள்ள விதி. பன்னாட்டு வழித்தடங்களில் இன்று இது 65. அமெரிக்காவில் 1960 முதல் 2007 வரை நடப்பில் இருந்த 60 வயது விதியைப் பற்றியே வழக்குகளும் ஆய்வுகளும் மிகுதி.

தோற்றம்: 1960க்கு முன் அமெரிக்காவில் விமானிக்கு மேல் வயது வரம்பு கிடையாது. மருத்துவப் பரிசோதனையில் தேறும் வரை அவர் பறக்கலாம். இந்த நிலையைக் குலைத்தது ஜெட் விமானம். 1959 ஜனவரி 25 அன்று அமெரிக்கன் ஏர்லைன்ஸ் போயிங் 707 விமானத்தை நியூயார்க்குக்கும் லாஸ் ஏஞ்சல்ஸுக்கும் இடையே ஓட்டத் தொடங்கியது. புது விமானத்தில் அமரும் உரிமை பணிமூப்பின்படி வருவது. ஆகவே மூத்தவர்களுக்கே முதல் இடமும் உயர்ந்த சம்பளமும் கிடைக்கும். அவர்களை ஜெட்டுக்குப் பழக்கும் செலவோ நிறுவனத்தின் தலையில் விழும். சில நிறுவனங்கள் 60 என்று தாமே ஒரு கோடு போட்டுப் பார்த்தன. விமானிகள் நடுவர் மன்றத்துக்குப் போனார்கள். தீர்ப்பு அவர்களுக்கே சாதகமாக வந்தது.

அதன் பிறகு, 1959 பிப்ரவரியில், அமெரிக்கன் ஏர்லைன்ஸ் தலைவர் சி. ஆர். ஸ்மித் கூட்டரசு விமானப் போக்குவரத்து அமைப்பின் முதல் தலைவரான எல்வுட் கெசாடாவுக்குக் கடிதம் எழுதி, வயது வரம்பை அரசே விதிக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். இருவரும் இரண்டாம் உலகப் போரில் படைத்தளபதிகளாக இருந்தவர்கள். அதே மாதம் 3ஆம் தேதி அந்நிறுவனத்தின் எலெக்ட்ரா விமானம் ஒன்று நியூயார்க்கின் கிழக்கு ஆற்றில் விழுந்து 65 பேர் இறந்திருந்தனர். அதன் கேப்டனுக்கு வயது 59. கேட்கப்பட்ட வரம்பு அவரையும் தடுத்திருக்காது.

ஜூன் மாதம் வந்த வரைவில் இரண்டு கோடுகள் இருந்தன: ஜெட்டுக்குப் புதிதாக மாறுவதற்கு 55, ஓய்வுக்கு 60. முதலாவது கைவிடப்பட்டது. இரண்டாவது டிசம்பரில் விதியாகி, 1960 மார்ச் 15 முதல் அமலுக்கு வந்தது. வயது ஏற ஏற மாரடைப்பும் பக்கவாதமும் கூடுகின்றன, அவை யாருக்கு எப்போது வரும் என்று முன்கூட்டிச் சொல்ல வழியில்லை என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணம். காரணம் சரியானதே. ஆனால் அது 58க்கும் பொருந்தும், 63க்கும் பொருந்தும். நம்மூரில் மணிவிழா எடுக்கும் அந்த 60ஐ மருத்துவம் கண்டுபிடித்துத் தரவில்லை. நிறுவனங்கள் முன்பே போட்டுவைத்த கோட்டை அரசு தன் கோடாக்கிக்கொண்டது. விமானிகள் சங்கம் வழக்குத் தொடுத்து 1960இலேயே தோற்றது. 1961 ஜனவரியில் பதவி விலகிய கெசாடா, அமெரிக்கன் ஏர்லைன்ஸின் இயக்குநர் குழுவில் சேர்ந்தார்.

விதியில் ஒரு சந்து இருந்தது. அது விமானியை மட்டுமே கட்டுப்படுத்தியது. மூன்றாம் இருக்கையில் அமரும் விமானப் பொறியாளரை அல்ல. ஆகவே 60 நிறைந்த கேப்டன்கள், விமானத்தைக் கையில் எடுக்காமல் பின்னிருக்கையில் அளவிகளைப் பார்த்துக்கொண்டு பறக்க விரும்பினார்கள். டி.டபிள்யூ.ஏ. நிறுவனத்தின் கேப்டன்கள் இதற்காகத் தொடுத்த வழக்கில், அவர்களுக்கு அந்த இடமாற்றத்தை மறுத்தது வயதுப் பாகுபாடு என்று 1985இல் உச்ச நீதிமன்றம் கூறியது.

சங்கத்தின் நிலைப்பாடும் மாறியது. எதிர்த்து வழக்காடிய அதே சங்கம் 1980 வாக்கில் விதியின் காவலனாகிவிட்டது. மூத்தவர் எழுந்தால்தானே இளையவர் கேப்டனின் இடது இருக்கைக்கு வர முடியும்! 2007இல் மீண்டும் மனம் மாறி எதிர்ப்பைக் கைவிட்டது.

மருத்துவச் சான்று: நாடாளுமன்றம் கேட்டுக்கொண்டதன்பேரில் நடந்த ஆய்வை தேசிய முதுமையியல் நிறுவனம் 1981இல் முடித்தது. 60 என்ற வயதுக்குத் தனி மருத்துவச் சிறப்பு ஏதுமில்லை. ஆயினும் தனித்தனியே ஆளை அளக்க நம்பகமான சோதனை இல்லாததால் விதி இருக்கட்டும் என்றது அறிக்கை. 40 முதல் 69 வயது வரையான 118 விமானிகளை மூன்றாண்டுகள் சிமுலேட்டரில் சோதித்த ஸ்டான்ஃபோர்டு ஆய்வு 2007இல் வெளிவந்தது. முதல் சோதனையில் மூத்தவர்கள் சற்றுப் பின்தங்கினாலும், அடுத்தடுத்த ஆண்டுகளில் இளையவர்களைவிட அவர்கள் திறன் குறைவாகவே சரிந்தது.

அனுபவத்தின் பக்கம் எடுத்துக்காட்டப்படும் நிகழ்வுகளில் 1989 முதன்மையானது. பிப்ரவரியில் ஹொனலுலுவிலிருந்து கிளம்பிய யுனைடெட் 811 விமானத்தின் சரக்குக் கதவு நடுவானில் பிய்ந்து, 9 பயணிகள் வெளியே இழுக்கப்பட்டு மாண்டனர். இரண்டு என்ஜின்கள் செயலிழந்த அந்த 747ஐத் திருப்பிக் கொண்டுவந்து இறக்கி, மற்ற அனைவரையும் காப்பாற்றிய கேப்டன் 59 வயதைக் கடந்து ஓய்வை நெருங்கிக்கொண்டிருந்தவர். மறுபுறம், 2009 ஜூனில் பிரசல்ஸிலிருந்து நியூவார்க்குக்கு வந்த கான்டினென்டல் விமானத்தில் 60 வயதுக் கேப்டன் அட்லாண்டிக் மேல் இறந்தார். துணை விமானிகள் விமானத்தைப் பத்திரமாக இறக்கினார்கள்.

வரம்பு உயர்வு: பன்னாட்டு அமைப்பான ஐ.சி.ஏ.ஓ. 2006 நவம்பரில் வரம்பை 65 ஆக்கியது. உடன் பறப்பவர் 60க்குக் கீழ் இருக்க வேண்டும் என்ற நிபந்தனை 2014இல் நீங்கியது. அமெரிக்காவில் அதே உயர்வுக்கான சட்டத்தில் 2007 டிசம்பர் 13 அன்று குடியரசுத் தலைவர் புஷ் கையெழுத்திட்டார். அதற்கு முதல் நாள் வரை 60 நிறைந்து விலகியவர்கள் திரும்பி வருவதானால், பணிமூப்பை இழந்து புது ஆளாகவே சேர வேண்டியிருந்தது. 2011இல் ஐரோப்பிய நீதிமன்றம் லுஃப்தான்சாவின் 60 வயது ஒப்பந்தத்தைச் செல்லாதது என்றது. 2017இல் அதே நீதிமன்றம் 65ஐ ஏற்றது.

தனியார் விமானிகள்: அமெரிக்காவில் இவர்களுக்கு மேல் வரம்பு இல்லை, தீர்ப்பு மருத்துவரிடமும் விமானியின் மனசாட்சியிடமும் விடப்பட்டுள்ளது. இதில் பெயர்பெற்ற வழக்கு சாகச விமானி பாப் ஹூவருடையது. 1992இல் ஓக்லஹோமா சிட்டி வானூர்திக் காட்சியில் அவரைப் பார்த்த இரண்டு ஆய்வாளர்கள் அவர் ஆட்டத்தில் பழைய கூர்மை இல்லை என்று எழுத, 70 வயதானவரின் மருத்துவச் சான்று பறிக்கப்பட்டது. ஆஸ்திரேலியா அவருக்கு உரிமம் கொடுத்தது. சொந்த நாட்டில் மருத்துவச் சான்று திரும்பக் கிடைக்க 1995 வரை போராட வேண்டியிருந்தது. பிறகு 1999 வரை காட்சிகளில் பறந்து தாமாகவே நிறுத்திக்கொண்டார். அவருடைய ஷ்ரைக் கமாண்டர் விமானம் இப்போது ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

இன்றைய நிலை: ஜப்பானில் வரம்பு 67. அமெரிக்காவில் 2023இல் கீழவை அதே வயதை ஏற்றாலும் 2024ஆம் ஆண்டுச் சட்டத்தில் அது இடம்பெறவில்லை. இந்தியாவில் 65.

கராச்சியிலிருந்து பம்பாய் வழியாகச் சென்னைக்கு 1932இல் அஞ்சல் விமானம் தொடங்கியபோது முதல் பகுதியை ஓட்டிய ஜே. ஆர். டி. டாட்டா, 1982 அக்டோபர் 15 அன்று கராச்சியிலிருந்து பம்பாய்க்கு ஒரு லெப்பர்ட் மாத் விமானத்தில் மீண்டும் பறந்தார். அப்போது அவருக்கு வயது 78. 60 வயது விதியை வகுத்த கெசாடாவும் அவரும் ஒரே ஆண்டில், 1904இல், பிறந்தவர்கள்.