தேயிலை மலையில் பொன்னர் சங்கர்

இலங்கை மலையகத் தோட்டங்களில் வழிவழியாக ஆடப்படும் கூத்துகளில் பெயர்பெற்றவை மூன்று: காமன் கூத்து, அருச்சுனன் தபசு, பொன்னர் சங்கர். முதல் இரண்டும் புராண, இதிகாசக் கதைகள். மூன்றாவது, ஒரு குடும்பம் அழிந்த கதை. பதுளை, பசறை, ஹப்புத்தளை, பண்டாரவளைப் பகுதிகளை உள்ளடக்கிய ஊவாத் தோட்டங்களும் இந்தக் கூத்து மரபில் வந்தவையே.

அண்ணன்மார் கதை என்றும் வழங்கும் இது கொங்கு நாட்டுக்குரியது. குன்றுடையானும் தாமரையும் நெடுங்காலம் பிள்ளையின்றித் தவமிருந்து பெற்றவர்கள் பொன்னர், சங்கர், தங்கை அருக்காணித் தங்காள். பங்காளிப் பகை பெற்றோரை அலைக்கழித்தது. வேட்டுவரோடு மூண்ட பகை மகன்களைப் பலிகொண்டது. அண்ணன்மார் இருவரும் படுகளத்தில் மாண்டபின், தங்கை அவர்களைத் தேடி வந்து தெய்வ அருளால் எழுப்புகிறாள். மணப்பாறைக்கு அருகிலுள்ள வீரப்பூரில் இவர்களுக்கு இன்றும் மாசித் திருவிழா நடக்கிறது.

இந்தக் கதை கடல் கடந்ததற்குக் காரணம் தோட்டத் தொழில். 19ஆம் நூற்றாண்டில் கோப்பிக்கும் பின்னர் தேயிலைக்கும் கங்காணிமார் ஆள் திரட்டிய மாவட்டங்களில் திருச்சியும் சேலமும் அடங்கும். பதுளைக்கு ரயில் வந்ததே 1924இல்தான். முன்னோடிகள் காட்டுப் பாதையில் நடந்தே மலையேறினர். ஊரில் குலதெய்வக் கோயிலோடு இணைந்திருந்த கதை, லயத்து வாழ்வில் தப்பொலியோடு விடிய விடிய ஆடும் கூத்தாக நிலைத்தது. வேளாளக் கவுண்டர் குடும்பத்தின் கதையைப் பல சாதியாரும் வாழும் தோட்டம் தனதாக்கிக்கொண்டது.

அன்றைய துரைமாரில் பலர் ஸ்கொட்லாந்துக்காரர். ஹப்புத்தளைக்கு அருகே தம்பேதன்னைத் தோட்டத்தை 1890இல் வாங்கிய தோமஸ் லிப்டன் கிளாஸ்கோவில் பிறந்தவர். அந்தத் துரைமாரின் நாட்டிலும் குடும்பத் துயரைப் பாடும் கதைப்பாடல்கள் வாய்மொழியாக வாழ்ந்தன. அமெரிக்க அறிஞர் பிரான்சிஸ் ஜேம்ஸ் சைல்ட் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் பதிப்பித்த 305 ஆங்கில, ஸ்கொட்லாந்துப் பாடல்களில், ஒரு சகோதரன் கையால் மற்றவன் சாகும் பாடலும் உண்டு. ஆனால் அது சுருக்கமாகக் கதையைச் சொல்லிப் பெரும்பாலும் சாவோடு முடிந்துவிடும். பொன்னர் சங்கரோ இரவு முழுவதும் நீண்டு, மாண்டவர் எழுவதைக் காட்டுகிறது.

1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் தோட்டத் தமிழரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964ஆம் ஆண்டு சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப வகைசெய்தது. உடன்பிறந்தோர் இரு நாடுகளுக்குப் பிரிந்தனர். கூத்து ஆடிவந்த சமூகமே இவ்வாறு இரண்டாகப் பிளந்தது. மலையக எழுத்தாளர் சி.வி. வேலுப்பிள்ளை போன்றோர் மலைநாட்டு மக்கள் பாடல்களைத் தொகுத்து நூலாக்கினர். ஏட்டில் ஏறாத தோட்ட வரலாற்றை அறிய இந்தப் பாடல்களும் கூத்துகளும் முதன்மைச் சான்றுகள்.