கமுக்கமும் மனநலமும்: டோல்கீனின் மெரி

மறைப்பவன் மனம் நொந்தவன் என்பது கதைத் திறனாய்வில் ஏறக்குறைய விதியாகிவிட்டது. ஒரு பாத்திரம் எதையாவது ஒளித்தால் அதன் அடியில் காயத்தைத் தேடுகிறோம். ஜே.ஆர்.ஆர். டோல்கீனின் ‘த லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’ (1954–55) இந்த விதிக்குச் சான்று தருவதுபோலவே தோன்றும். கொல்லம் என்பவன், அணிந்தவரைக் கண்ணுக்கு மறைக்கும் மந்திர மோதிரத்தை நூற்றாண்டுக் கணக்கில் ஒளித்துவைத்துச் சிதைகிறான். அடுத்து அதைப் பெற்ற பில்போ, அது கிடைத்த வகையைப் பற்றிப் பொய் சொல்கிறான். அவனுக்குப் பின் ஃபுரோடோ பதினேழு ஆண்டுகள் அதை யாருக்கும் காட்டாமல் காக்கிறான். ஆனால் இதே நூலில், ஃபுரோடோவைவிடவும் நீண்ட காலம் வாய்திறவாமல் இருந்தவன் ஒருவன் உண்டு. ஃபுரோடோவின் பயணக் குழுவிலேயே தெளிந்த மனம் அவனுடையது. மெரி என்கிற மெரியடாக் பிராண்டிபக் அவன். பீட்டர் ஜாக்சனின் 2001ஆம் ஆண்டுத் திரைப்படத்தை மட்டும் பார்த்தவர்களுக்கு அவன் காய்கறி திருடும் குறும்பன். இங்கு பேசப்போகும் காட்சி அதில் இல்லவே இல்லை.

அந்தக் காட்சி முதல் பாகத்தின் ஐந்தாம் அத்தியாயத்தில், கிரிக்ஹாலோ வீட்டில் நடக்கிறது. தன் தோட்டக்காரன் சாமோடு மட்டும் கிளம்பிவிடலாம் என்று திட்டமிட்டிருக்கும் ஃபுரோடோ அதை நண்பர்களிடம் சொல்லத் தயங்குகிறான். அவர்களோ எல்லாம் தெரியும் என்கிறார்கள். பில்போவின் பிரிவு விருந்துக்கு ஓராண்டு முன்பே, பிடிக்காத உறவினர்களைத் தவிர்க்க பில்போ சாலையில் மாயமானதை மெரி கண்டிருக்கிறான். பிறகு விருந்தில் ஊரார் கண்முன்னே பில்போ மறைந்தபோது ஷயர் நாடு முழுதும் அதே பேச்சு. காரணத்தை ஊகிக்கக்கூடிய இளைஞன் வாயைத் திறக்கவில்லை. கதை நடக்கும் ஆண்டின் வசந்தகாலத்தில் நிலைமை முற்றியபோதுதான், உதவக்கூடியவர்களிடம் மட்டும் சொல்கிறான். மோதிரத்தின் இரகசியம் அதை வைத்திருப்பவனைத் தனிமைப்படுத்துகிறது. மெரியின் இரகசியமோ மட்டக்குதிரைகளாகவும் வழிச்சோறாகவும், ஃபுரோடோ ஊரில் இருப்பதாகப் பாவனை காட்டப் பின்தங்கும் ஃபேட்டி போல்ஜராகவும் விளைகிறது. தேவை வந்ததும் அவிழ்ந்துவிடும் முடிச்சு அது. ஆகவே மனத்தைக் கெடுப்பது மறைத்தல் அன்று. மறைத்ததைத் தன் உடைமையாக்கிக்கொள்வதே என்பது என் வாதம்.

நண்பனை வேவு பார்த்தது நம்பிக்கைத் துரோகமாகாதா? சாமை ஒட்டுக்கேட்க வைத்தார்கள். பில்போவின் குறிப்பேட்டை மெரி திருட்டுத்தனமாகப் புரட்டியிருக்கிறான். பின்னது வெறும் துருதுருப்பு, அதற்கு நான் வக்காலத்து வாங்கப்போவதில்லை. டோல்கீனும் இதை மழுப்பவில்லை. யாரையும் நம்ப முடியாது போலிருக்கிறதே என்று ஃபுரோடோவையே குமுறவைக்கிறார். மெரியின் மறுமொழி தன் எல்லையைத் தானே வரைகிறது: உன் இரகசியத்தை உன்னைவிட நன்றாகக் காப்போம், ஆனால் உன்னைத் தனியே ஆபத்தில் விடமாட்டோம் என்பது அதன் சாரம்.

இன்னும் வலுவான மறுப்பு வேறு: மெரியின் நலம் ஆழமின்மைதான், சோதிக்கப்படாதவன் தெளிவாக இருப்பதில் வியப்பென்ன? ரோஹன் நாட்டில் நடக்கும் பகுதி இதற்கு விடை. அந்நாட்டு மன்னர் தெயோடன் வேண்டாமென்று விட்டுச்சென்றபின், டெர்ன்ஹெல்ம் என்ற வீரனின் மேலங்கிக்குள் ஒளிந்து மெரி போருக்குப் போகிறான். அந்த வீரன் ஆண்வேடத்தில் வந்த, மன்னரின் சகோதரி மகள் எயோவின் என்பது அவனுக்குத் தெரியாது. ஒரே குதிரை, ஒரே போர்வை, மன்னர் ஆணைக்கு எதிரான ஒரே ஒளிவு. அவள் தேடுவது சாவை, அவன் தேடுவது துணையை. நூலின் மிக நுட்பமான இணைவைப்பு இதுவென்றே கருதுகிறேன். பேய்ப்படைத் தலைவனை வீழ்த்துவதில் பங்குகொண்ட இருவரையும் கருமூச்சு என்னும் நோய் சாய்க்கிறது. எயோவின் கண்விழித்த பிறகும் போர்க்களச் சாவையே நாடுகிறாள். மெரி விழித்ததும் பசிக்கிறது என்கிறான். பிறகு புகைக்குழாயைப் பற்றிப் பேசியதும் தெயோடனின் நினைவு வந்து கலங்குகிறான். துக்கம் தீண்டாதவனல்லன் அவன். துக்கமும் பசியும் அவனிடம் அடுத்தடுத்து உட்கார முடிகிறது.

கடைசியில் ஃபுரோடோ ஆறாத காயத்தோடு, கடல் கடந்து போக, மறுபடியும் சொல்லாமல் கிளம்புகிறான். சாம்பல் துறைமுகத்தில் மெரியும் நண்பன் பிப்பினும் குதிரைகளில் வந்து நிற்கிறார்கள். இம்முறை துப்புக் கொடுத்தவர் மந்திரவாதி கண்டால்ஃப். கிரிக்ஹாலோவில் உடன்வருவோம் என்று அடம்பிடித்தவர்கள், இங்கே அவனைத் தடுப்பதுமில்லை, தொடர்வதுமில்லை. சாம் தனியே வீடு திரும்பக் கூடாது என்பதற்காகவே வந்தவர்கள், அவனோடு நெடுவழி பேசாமல் திரும்புகிறார்கள். அவனைப் பிரிந்து பக்லாந்து நோக்கிப் போகையில் இருவரும் பாடத் தொடங்கிவிடுகிறார்கள்.