பி.டி. துடைத்த கைகள்

1932-ல் பைக்காரா மின் நிலையம் ஓடத் தொடங்கிய பிறகுதான் கோவையில் மில்கள் மளமளவெனப் பெருகின. 1937-ல் ஜி.டி. நாயுடு மோட்டாரையே இங்கு செய்துகாட்டினார். மோட்டாரைப் பற்றி ஊரே பேசும். வோல்டேஜ் அளக்க உதவும் பி.டி.யை, அதாவது பொட்டென்ஷியல் டிரான்ஸ்ஃபார்மரைப் பற்றி யாரும் பேசுவதில்லை. எனக்கு அந்த வருத்தம் உண்டு. 11,000 வோல்ட்டை 110 ஆக இறக்கி, மீட்டருக்கும் ரிலேவுக்கும் நிலவரம் சொல்வது அதுதான்.

நான் எலக்ட்ரீஷியனாக இருந்த மில்லில், லைனை நிறுத்தி, எர்த் கொடுத்த பிறகே பேனலைத் திறப்போம். பஞ்சுத் தூசியோடு மழைக்கால ஈரமும் சேர்ந்தால் பி.டி.யின் எபாக்சி உறை மேல் மின்கசிவு ஓடிக் கருங்கோடு விழும். உலர்ந்த துணியால் துடைத்து, மெகரில் இன்சுலேஷன் பார்ப்போம்.

இன்றைய மீடியம் வோல்டேஜ் டிரைவ்கள் பலவற்றில் பி.டி.க்குப் பதில் வரிசையாகக் கோத்த ரெசிஸ்டர்கள் வழியே வோல்டேஜை அளக்கிறார்கள். ஒன்றின் மதிப்பு நகர்ந்தாலே காட்டும் வோல்டேஜ் பொய்யாகி, டிரைவ் காரணமின்றி டிரிப் ஆகலாம். ஷட்டவுனில் மூன்று பேஸ் ரெசிஸ்டர் மதிப்புகளையும் ஒப்பிட்டு நோட்டில் எழுதுங்கள் என்று பையன்களிடம் இன்றும் வற்புறுத்துகிறேன்.