ஜீப்புக்கான கண்ணாடியிழைக் கூரை

திறந்த உடலுடன் வந்த வண்டியிலிருந்து படுதாவை எடுத்துவிட்டு அந்த இடத்தில் பொருத்தும், கண்ணாடியிழையும் பிசினும் சேர்த்து வார்த்த விறைப்பான மேற்கூரை கண்ணாடியிழைக் கூரை எனப்படும். பட்டறைப் பேச்சில் ஃபைபர் டாப், ஹார்டாப். பெரும்பாலும் வண்டியைச் செய்த நிறுவனம் தருவதன்று இது. வெளிப்பட்டறைகள் அச்சில் வார்த்துத் தனியே விற்பது. தமிழ்நாட்டில் இதைப் பெரும்பாலும் பழைய மகிந்திரா ஜீப்புகளின் மேல் காணலாம். எம்.ஜி., டிரையம்ப் போன்ற திறந்த பிரிட்டிஷ் கார்களுக்கும் இந்தக் கூரைகள் உண்டு. ஆனால் அவை இங்கே சேகரிப்பாளர்களின் கொட்டகைகளோடு நின்றுவிடுகின்றன.

வரலாறு

கண்ணாடியிழை 1930களில் அமெரிக்காவில் தொழிற்பொருளாயிற்று. 1953-ல் செவ்ரோலே நிறுவனம் கண்ணாடியிழை உடலுடன் கார்வெட் காரை வெளியிட்டு, அந்த ஆண்டில் 300 வண்டிகள் செய்தது. 1955-ல் வந்த ஃபோர்டு தண்டர்பேர்டில் கழற்றி மாட்டும் கண்ணாடியிழைக் கூரையே இருந்தது. இங்கிலாந்தில் மழையும் குளிரும் வெளிப்பட்டறைகளுக்கு வேலை கொடுத்தன. ஆஷ்லி லேமினேட்ஸ் போன்ற சிறு நிறுவனங்கள் ஆஸ்டின் ஹீலி ஸ்பிரைட் முதலிய சிறு கார்களுக்குக் கூரைகளை வார்த்து விற்றன.

இந்தியாவில் மகிந்திரா நிறுவனம் 1947-ல் வில்லிஸ் ஜீப்பைக் கோக்கத் தொடங்கியது. போர்க்களத்துக்கென்று உருவான வண்டி அது. முன்கண்ணாடியைச் சட்டத்தோடு மடக்கிப் பானெட்டின் மேல் படுக்க வைக்கலாம். கதவு இல்லாமலும் ஓடும். மேலே படுதா போதும். சிஜே3பி வகையும் அதன் வழிவந்தவையும் பல பத்தாண்டுகள் அரசு அலுவலகங்களுக்கும் மலைத்தோட்டங்களுக்கும் உழைத்துவிட்டுத் தனியார் கைக்கு வந்தன. அப்போதுதான் பூட்டக்கூடிய, நனையாத கூரைக்குத் தேவை எழுந்தது. 2020 அக்டோபர் 2 அன்று விற்பனைக்கு வந்த புதிய தார் வண்டியில் நிறுவனமே கடினக் கூரையைப் பொருத்தித் தந்தது.

இங்கே ஸ்டாண்டர்ட் ஹெரால்டையும் குறிப்பிட வேண்டும். இத்தாலியரான ஜியோவானி மிக்கலோட்டி வடிவமைத்து 1959-ல் இங்கிலாந்தில் வெளிவந்த டிரையம்ப் ஹெரால்டைச் சென்னையின் ஸ்டாண்டர்ட் மோட்டார் நிறுவனம் 1961 முதல் இங்கே செய்தது. அதன் எஃகுக் கூரை உடலோடு பற்றவைக்கப்பட்டதன்று, போல்ட்டால் முடுக்கப்பட்டது. தனிச் சேசிஸ் பாரத்தைத் தாங்கியதால் கூரையைக் கழற்றினாலும் வண்டி குலையாது. கூரை வேறு, வலு வேறு என்று பிரித்து யோசித்த அந்த அமைப்புதான், பின்னாளில் கூரை மாட்டுகிறவர்கள் எல்லோரும் மனத்தில் வைக்க வேண்டிய பாடம் என்பது என் எண்ணம்.

தேவை

வடதமிழ்நாட்டுச் சமவெளியில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. காஞ்சிபுரத்திலிருந்து வாலாஜாபாத் செல்லும் சாலையிலுள்ள ஐயம்பேட்டை போன்ற நெசவூர்களில் தெருவில் பாவு விரிக்க வானம் விடாத மாதங்கள் இவை. படுதா ஜீப்பும் தன் குறையையெல்லாம் இப்போதுதான் காட்டும்: தையலில் ஒழுகும், பொத்தான் ஓரத்தில் சாரல் அடிக்கும், உள்ளே வைத்த பட்டு மூட்டைக்கு உத்தரவாதம் கிடையாது. கோடையில் அதே படுதா வெளுத்து மொரமொரத்துக் கிழியும்.

வார்ப்பு

அச்சுக்கு முதலில் மெழுகு தடவுவார்கள். அதன் மேல் அரை மில்லிமீட்டர் அளவுக்கு ஜெல்கோட். வெளியே தெரியும் பளபளப்பான தோல் இதுதான். அது ஒட்டும் பதத்துக்கு வந்ததும் கண்ணாடியிழைப் பாயை (மேட்) விரித்துப் பாலியெஸ்டர் ரெசினில் நனைத்து, காற்றுக்குமிழி போக உருளையால் உருட்டி அடுக்கடுக்காக ஏற்றுவார்கள். ரெசினில் நூற்றுக்கு ஒன்று, இரண்டு என்ற அளவில் ஹார்ட்னர் கலந்தால் அது இறுகத் தொடங்கும். 2004 சுனாமிக்குப் பிறகு கடலோரத்தில் பெருகிய ஃபைபர் படகுகளுக்கும் இதே கைவேலைதான்.

இறுகும்போது ரெசின் சுருங்கும். அவசரப்பட்டு அச்சிலிருந்து உருவிய கூரை சில நாளில் முறுக்கிக்கொள்ளும். பொருத்தும்போது தலைவலி தரும் கூரைகளில் பல இப்படி உருவானவை. நல்ல கூரையைத் திருப்பிப் போட்டு உட்புறத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம். ரெசின் குளம்போலத் தேங்கிய இடமோ, இழை வறண்டு வெள்ளையாகத் தெரியும் இடமோ இருக்கக் கூடாது. போல்ட் வரும் விளிம்பு மற்ற இடத்தைவிடத் தடித்திருக்க வேண்டும்.

பொருத்துதல்

கூரையைத் தொடும் முன் வண்டியைப் பார்க்க வேண்டும். நாற்பது ஆண்டு ஓடிய ஜீப்பின் உடல் சதுரமாக இருக்காது. சேசிஸுக்கும் உடலுக்கும் இடையிலுள்ள ரப்பர்கள் நைந்து ஒரு பக்கம் இறங்கியிருக்கும்; முன்கண்ணாடிச் சட்டத்தின் கீல் தேய்ந்து ஆடும். உடலின் மேல் விளிம்பில் இரண்டு மூலைவிட்டங்களையும் அளந்து பார்த்தால் கோணல் தெரிந்துவிடும். ரப்பரையும் கீலையும் மாற்றாமல் கூரை போடுவது, அடித்தளம் சரிந்த வீட்டுக்கு ஓடு மாற்றுவது போல.

அடுத்தது வறட்டுப் பொருத்தம். பீடிங் எனப்படும் விளிம்பு ரப்பர் இல்லாமல், போல்ட் இல்லாமல், கூரையை வெறுமனே உட்கார வைத்துச் சுற்றி வந்து இடைவெளியைப் பார்ப்பது. எந்த இடம் முட்டுகிறதோ அதைச் சுண்ணாம்புக் கட்டியால் குறித்து, இறக்கி, விளிம்பைச் சிறிது தேய்த்து, மறுபடி ஏற்ற வேண்டும். இரண்டு மூன்று பேர் தூக்கி இறக்கும் இந்த வேலை ஐந்தாறு முறை நடந்தாலும் சலிக்கக் கூடாது. தேய்க்கும்போது பறக்கும் கண்ணாடித் தூள் நுரையீரலுக்குக் கேடு. முகமூடியும் கண்ணாடியும் கட்டாயம். ஈரத்தோடு தேய்ப்பது இன்னும் நல்லது.

இங்கேதான் பல கூரைகள் கெடுகின்றன. ஒரு மூலை தூக்கி நிற்கும். போல்ட்டை முடுக்கினால் அமுங்கிவிடும் என்று தோன்றும், அமுங்கவும் செய்யும். ஆனால் வளைத்துப் பிடித்த கூரை அந்த இழுவிசையை மறப்பதில்லை. சில மாத ஓட்டத்தில் போல்ட்டைச் சுற்றிச் சிலந்திவலைபோல ஜெல்கோட் வெடிக்கும். கூரையை வண்டியின் வடிவத்துக்குத் தேய்த்துக் கொண்டுவரலாம், தேவையான இடத்தில் இழை ஏற்றித் தடிப்பாக்கலாம். ஒருபோதும் முடுக்கிப் பிடிக்கக் கூடாது.

துளையிடும் இடத்தில் முதலில் ஒட்டுநாடா ஒட்டி, சிறிய துரப்பணத்தில் தொடங்கிப் பெரிதாக்கினால் ஜெல்கோட் சில்லு பெயராது. துளை போல்ட்டைவிடச் சற்றுப் பெரிதாக இருக்கட்டும். எஃகைவிடக் கண்ணாடியிழை வெயிலில் ஏறத்தாழ இரண்டு மடங்கு விரியும்: காலைக்கும் உச்சிவெயிலுக்கும் கூரை 40 பாகை சூடேறினால், இரண்டு மீட்டர் நீளத்தில் இரண்டுக்கும் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் வேறுபாடு வரும். அந்த ஒரு மில்லிமீட்டருக்கு இடம் கொடுக்கத்தான் பெரிய துளையும், அகன்ற வாஷரும், அடியில் ரப்பரும்.

பீடிங்கைப் பாதியளவு அமுங்கும் தடிப்பில் தேர்ந்து, இணைப்பு முன்பக்கம் வராமல் பின்பக்கம் வரும்படி ஒட்ட வேண்டும். வண்ணம் அடிக்கும் முன் சிலிக்கோன் பசையைக் கிட்டவே கொண்டுவரக் கூடாது. அது பட்ட இடத்தில் பெயின்ட் பிடிக்காது. அச்சு மெழுகையும் அதே காரணத்துக்காகத் துடைத்தெடுக்க வேண்டும். இங்குள்ள வெயிலுக்கு வெள்ளை நிறமே பொருத்தம். கறுப்பு அழகாக இருக்கும், ஆனால் உள்ளே அமர முடியாது. வெறும் கூரை ஓட்டத்தில் பறைபோல் அதிரும். உட்புறம் நுரைத்தாள் ஒட்டினால் சத்தமும் சூடும் குறையும். கடைசியாக ஒருவர் உள்ளே அமர, மற்றவர் குழாயால் கீழிருந்து மேலாகத் தண்ணீர் அடித்துப் பார்ப்பார். மேலிருந்து தொடங்கினால் ஒழுகும் இடம் எது என்று கண்டுபிடிக்க முடியாது.

பாதுகாப்பும் சட்டமும்

கூரை வந்துவிட்டது என்பதால் வண்டி பாதுகாப்பாகிவிடாது. வண்டி உருண்டால் கண்ணாடியிழை நொறுங்கும். உயிர் காப்பது உள்ளே சேசிஸோடு பிணைத்த எஃகு வளையமும் இருக்கைப் பட்டையும். பக்கக் கண்ணாடிகள் பாதுகாப்புக் கண்ணாடியாகவே இருக்க வேண்டும்.

1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றிலுள்ள விவரம் தயாரிப்பாளரின் மூல வரையறையிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதைக் கண்டிப்பாகவே உறுதி செய்தது. அதே ஆண்டுத் திருத்தம், விதிமீறிய ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று வகுத்தது. ஆகவே பதிவுச் சான்றில் உடல்வகை என்னவென்று எழுதியிருக்கிறது என்பதைப் பார்த்து, வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் எழுத்தாகக் கேட்டுக்கொண்ட பிறகே பட்டறைக்கு முன்பணம் கொடுக்க வேண்டும்.

கழற்றி வைத்தல்

பனிக்காலத்தில் கூரையைக் கழற்றித் திறந்து ஓட்டுகிறவர்கள், அதை நான்கு செங்கல் மேல் வைத்துவிடுவது வழக்கம். செங்கல் படாத இடம் தொய்ந்து, அடுத்த மழைக்கு மாட்டும்போது பொருந்தாது. விளிம்பு முழுவதும் தாங்கும்படி மரச்சட்டம் அடித்து, அதன் மேல் பழைய சாக்கு விரித்து, வெயில் படாத நிழலில் வைக்க வேண்டும்.