பேரூர்

பேரூர், கோயம்புத்தூர் நகருக்கு மேற்கே நொய்யல் ஆற்றங்கரையில் அமைந்த பழைய ஊர். நிர்வாகக் கணக்கில் பேரூராட்சி. பேரூர் வட்டத்தின் தலைமையிடமும் இதுவே. பட்டீசுவரர் கோயிலால் பெயர் பெற்ற இத்தலத்தைச் சைவர்கள் மேலைச் சிதம்பரம் என்பர். காந்திபுரம் பேருந்து நிலையத்திலிருந்து ஏறக்குறைய 10 கிலோமீட்டர்தான். பேருந்திலோ காரிலோ சைக்கிளிலோ, தெம்பிருந்தால் நடந்தோகூட ஒரு காலைப்பொழுதில் வந்துவிடலாம். எதில் வருகிறோம் என்பதைப் பொறுத்து கண்ணில் படும் ஊரும் மாறும். காரில் வருபவர் கோயிலைப் பார்த்துத் திரும்புகிறார். கால்நடையாக வருபவருக்கு, அந்தக் கோயில் அங்கே எழக் காரணமாயிருந்த ஆறும் வயலும் பழைய வழியும் சேர்த்தே தெரியும்.

வரும் வழி

காந்திபுரம் நகரப் பேருந்து நிலையத்திலிருந்து பேரூர் வழியாகச் செல்லும் பேருந்துகள் உண்டு. உக்கடத்துக்கு வந்து மாறினால் இன்னும் எளிது. கார், இருசக்கர வாகனங்களுக்கு நஞ்சப்பா சாலை, உப்பிலிபாளையம், டவுன்ஹால், செல்வபுரம், தெலுங்குபாளையம் பிரிவு என்று நேரான பாதை. சிறுவாணி அடிவாரத்துக்கும் பூண்டிக்கும் போகிறவர்களும் இதே சாலையைத்தான் பிடிக்கிறார்கள். அதனால் காலை எட்டு மணிக்கு மேல் நெரிசல் அதிகம். திருவிழா நாட்களில் காரை எடுக்காமல் இருப்பதே நல்லது. தேர்வீதிகளில் நிறுத்த இடம் கிடைக்காது.

நடக்க விரும்புகிறவர்கள் காந்திபுரத்திலிருந்தே கிளம்ப வேண்டியதில்லை. முதல் பாதி முழுக்கக் கடைவீதியும் சிக்னலும்தான். உக்கடம் வரை பேருந்தில் வந்து, அங்குள்ள பெரியகுளத்தின் கரையிலிருந்து நடையைத் தொடங்கலாம். அடுத்து செல்வசிந்தாமணி குளம் வரும். இந்தக் குளங்கள் நொய்யலின் அணைக்கட்டுகளிலும் வாய்க்கால்களிலும் கோக்கப்பட்டவை. வெள்ளம் வரும்போது ஆற்றின் நீரைத் திருப்பி, ஒரு குளம் நிரம்பினால் அடுத்ததற்கு வழியும்படி கட்டிய ஏற்பாடு அது. பேரூருக்கு மேற்கே உள்ள சித்திரைச்சாவடி அணைக்கட்டும் இந்த ஏற்பாட்டின் ஒரு கண்ணி. குளக்கரைகளைத் தொட்டபடி மேற்கே வருபவர், மேலிருந்து தண்ணீர் வந்த வழியை எதிர்த்திசையில் ஏறி வருகிறார். பேரூர் ஏன் இந்த இடத்தில் உண்டானது என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் எந்தப் பலகையிலும் எழுதப்படவில்லை.

சைக்கிளில் வருபவர்கள் விடியற்காலையில் கிளம்பிவிட வேண்டும். கோயிலோடு நின்றுவிடாமல் ஆற்றைத் தாண்டித் தெற்கே பேரூர் பெரியகுளம், சுண்டக்காமுத்தூர் வரை போய்வர சைக்கிளே ஏற்றது. மழைக்காலத்துக்குப் பிறகு பெரியகுளத்தில் நீர்க்காகங்களும் நாமக்கோழிகளும் நிறையக் காணப்படும்.

பட்டீசுவரர் கோயில்

கோயிலைக் கட்டியது கரிகாலன் என்பது வழிவழிச் செய்தி. கொங்குச் சோழர் காலக் கல்வெட்டுகள் இங்கே உள்ளன. இது தேவார வைப்புத்தலம். அருணகிரிநாதரின் திருப்புகழும் பெற்றது. தலபுராணமான பேரூர்ப் புராணத்தை 18ஆம் நூற்றாண்டில் கச்சியப்ப முனிவர் இயற்றினார். காமதேனு பூசித்த இடம் என்றும், அதன் கன்றாகிய பட்டியின் குளம்பு பட்ட தழும்பு லிங்கத்தில் இருக்கிறது என்றும் புராணம் சொல்லும். அம்மன் பச்சைநாயகி.

கோயிலின் பெருஞ்செல்வம் கனகசபை. 17ஆம் நூற்றாண்டில் மதுரை நாயக்கர் மரபைச் சேர்ந்த அழகாத்திரி நாயக்கர் எடுப்பித்த மண்டபம் இது. தூண்களிலிருந்து புடைத்து வெளியே வந்து நிற்கும் ஆளுயரத்துக்கும் மேற்பட்ட சிற்பங்களில் யானையுரி போர்த்தவர், பிச்சாடனர், ஊர்த்துவ தாண்டவர், ஆலங்காட்டுக் காளி, அக்கினி வீரபத்திரர் ஆகியோரைக் காணலாம். யானையுரி போர்த்தவர் முன் சற்று நேரம் நிற்க வேண்டும். கிழித்தெடுத்த தோல் இறைவனுக்குப் பின்னால் விரிந்து திருவாசிபோல் வளைகிறது. கல்லையே தோலாக மெலித்திருக்கிறான் சிற்பி. பக்கவாட்டில் போய் நின்று பார்த்தால்தான் அந்த மெலிவு பிடிபடும். நேரே நின்று கும்பிட்டுவிட்டு நகர்கிறவர்கள் இதைத் தவறவிடுகிறார்கள். விதானத்தில் தாமரையும் கற்சங்கிலியும் உண்டு. கொங்குநாட்டில் நாயக்கர் காலச் சிற்பத்தை ஒரே இடத்தில் பார்க்க வேண்டுமென்றால் இந்த மண்டபத்தைத்தான் முதலில் சொல்ல வேண்டும்.

பிற்பகலில் நடை சாத்தி, மாலையில் திறப்பார்கள். காந்திபுரத்திலிருந்து பத்து மணிக்கு மேல் கிளம்புகிறவர்களுக்குக் கனகசபையில் நிற்க நேரம் போதாது.

ஊர் நம்பிக்கைகள்

பேரூரின் ஐந்து அதிசயங்கள் என்று மக்கள் சொல்பவை: இறவாப் பனை, பிறவாப் புளி, புழுக்காத சாணம், ஆற்றில் இட்ட எலும்பு கல்லாவது, இங்கே உயிர் பிரிபவரின் வலது காது மேல்நோக்கி இருப்பது. புளியின் கொட்டை எங்கே போட்டாலும் முளைக்காது என்பார்கள். இனிப் பிறவி இல்லை என்பதற்கு அதுவே சான்று என்பது நம்பிக்கை. ஐந்துமே பிறப்பையும் இறப்பையும் பற்றியவை. முக்தித் தலம் என்ற பெயர் ஊருக்கு நிலைத்திருப்பதும், மூத்தோர் கடன் செய்யக் கொங்கு மாவட்டங்களிலிருந்து குடும்பங்கள் வருவதும் இதனால்தான்.

படித்துறை

கோயிலிலிருந்து சிறிது நடந்தால் நொய்யல் படித்துறை. பழைய நூல்கள் இந்த ஆற்றைக் காஞ்சி நதி என்கின்றன. வெள்ளிங்கிரி மலைத்தொடரில் பிறக்கும் ஓடைகள் கூடி ஆறாகி, கோவை, திருப்பூர் வழியாக ஓடி, கரூர் மாவட்டத்தில் காவிரியில் கலக்கிறது. தென்மேற்குப் பருவமழை மலையில் பிடித்தால் பேரூரில் வெள்ளம் கரைபுரளும். மற்ற மாதங்களில் பெரும்பாலும் மணலும் புதரும் தேங்கிய கழிவுநீரும்தான். இது ஊருக்கு நேர்ந்த பெரிய இழப்பு. கோயில் எத்தனை அழகாகப் பராமரிக்கப்பட்டாலும் ஆறு இல்லாத பேரூர் பாதிப் பேரூரே.

ஆடி அமாவாசைக்குத் தர்ப்பணம் கொடுக்கப் படித்துறை நிரம்பி வழியும். ஆடிப்பெருக்கன்று வேறொரு காட்சி. பெண்கள் ஆற்றோரம் ஏழு கூழாங்கற்களை வரிசையாக நட்டு, மஞ்சள் பூசிக் குங்குமமிட்டு, காதோலை கருகமணி வைத்துக் கன்னிமாராக வணங்குகிறார்கள். சிறு வயதில் இறந்த பெண்பிள்ளைகளை நினைத்துச் செய்யும் வீடுகளும் உண்டு. ஆற்றில் தண்ணீர் இருந்தால் அதில். இல்லையென்றால் குழாயடியிலாவது குளித்துவிட்டு இந்த வழிபாட்டை முடிக்கிறார்கள்.

நாற்று நடவு

ஆனி மாதத்தில் நடக்கும் நாற்று நடவுத் திருவிழா வேறு எந்தப் பெரிய சிவன் கோயிலிலும் எளிதில் காணக் கிடைக்காதது. சுந்தரர் பொருள் கேட்டு வருகிறார் என்று தெரிந்து, சிவனும் உமையும் உழவராக உருமாறி வயலில் நாற்று நட்டுக்கொண்டிருந்தார்கள். நந்தி இருக்குமிடத்தைக் காட்டிக்கொடுக்க, இறைவன் மண்வெட்டியால் அதன் முகத்தில் வெட்டினார் என்பது கதை. தேவேந்திரகுல வேளாளர் முன்னின்று நடத்தும் விழா இது. சேற்றில் இறங்கும் உழவரை இறைவனாகவே காணும் இந்த மரபைப் பேரூரின் முதல் விழாவாக மதிப்பதே நியாயம். பங்குனி உத்திரத் தேரும் மார்கழித் திருவாதிரையும் கூட்டத்தால் பெரியவை. ஆனால் அவை மற்ற ஊர்களிலும் உண்டு.

சுற்றுப்புறம்

கோயிலுக்கு அருகில் பேரூர் ஆதீனமும் அதைச் சார்ந்த தமிழ்க் கல்லூரியும் உள்ளன. தமிழில் குடமுழுக்கு, தமிழில் திருமணம் என்று வழிபாட்டைத் தமிழுக்குக் கொண்டுவந்ததில் இந்த ஆதீனத்தின் பங்கு பெரிது.

ஆற்றுக்குத் தெற்கே, சுண்டக்காமுத்தூர் அருகே ஒரு பாறையில் இராசகேசரிப் பெருவழியைக் குறிக்கும் கல்வெட்டு இருக்கிறது. தமிழிலும் வட்டெழுத்திலும் பொறிக்கப்பட்டது. 9ஆம் நூற்றாண்டில் முதலாம் ஆதித்த சோழன் காலத்தது எனக் கருதப்படுகிறது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேலைக் கடற்கரையையும் கொங்கையும் இணைத்த வணிகப் பாதை அது. பேரூருக்குக் கிழக்கே, அதே நொய்யல் பக்கத்தில் இருக்கும் வெள்ளலூரில் 1842இலும் 1891இலும் ரோமானிய வெள்ளிக்காசுப் புதையல்கள் கிடைத்தன. பெருவழி பெயர் பெறுவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே இத்தடத்தில் வணிகம் நடந்ததற்கு அந்தக் காசுகளே சாட்சி.

இத்தகைய பழைய தடங்களை நடைவழியாக்க முன்மாதிரி உண்டு. சுவிட்சர்லாந்தில் சுமார் 65,000 கிலோமீட்டர் நடைபாதைகளுக்கு மஞ்சள் கைகாட்டிகள் நட்டிருக்கிறார்கள். அடுத்த கிராமத்துக்கு எத்தனை கிலோமீட்டர் என்று அவை எழுதுவதில்லை. நடந்தால் எவ்வளவு நேரமாகும் என்று எழுதுகின்றன. பழைய வணிகப் பாதைகளையும் அந்நாட்டு அரசு தனியே பட்டியலிட்டுக் காத்துவருகிறது. வெள்ளலூர், பேரூர் படித்துறை, பேரூர் பெரியகுளம், பெருவழிக் கல்வெட்டு ஆகிய நான்கையும் கோத்து அப்படியொரு நடைவழி அமைப்பது கோவைக்கு எட்டாத காரியமல்ல. அதுவரை பேரூரிலிருந்து கல்வெட்டைத் தேடிப் போகிறவர்கள் சுண்டக்காமுத்தூரில் விசாரித்துக்கொண்டு, வெயில் ஏறுமுன் போவது நல்லது.