கஞ்சில்: கிள்ளான் பள்ளத்தாக்கில் ஒரு சிறிய காரின் வரலாறு

கோலாலம்பூரிலிருந்து கிள்ளான் துறைமுகம் வரை நீளும் கிள்ளான் பள்ளத்தாக்கில், 20ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியிலும் கார் என்பது தோட்ட நிர்வாகிகளுக்கும் உயர் அதிகாரிகளுக்கும் வணிகர்களுக்கும் உரிய பொருளாகவே இருந்தது. கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸின் இரயில்வே குடியிருப்புகளிலும் கிள்ளான், காப்பார் வட்டாரத்து ரப்பர் தோட்டங்களின் லயன் வீடுகளிலும் வாழ்ந்த தமிழர்கள் சைக்கிளையும் பேருந்தையும், பிற்காலத்தில் மோட்டார் சைக்கிளையும் நம்பியே வேலைக்குச் சென்று வந்தனர். 1967–68இல் பத்து தீகா போன்ற இடங்களில் வெளிநாட்டுக் கார்களின் பாகங்களைக் கொண்டுவந்து பொருத்தும் ஆலைகள் எழுந்தபோதிலும், அங்கிருந்து வெளிவந்த கார்கள் உழைப்பாளர் குடும்பங்களின் வருவாய்க்கு எட்டவில்லை. முதல் தேசியக் கார் நிறுவனமாக 1983இல் நிறுவப்பட்ட புரோட்டோன் 1985 ஜூலையில் ஷா ஆலாம் ஆலையிலிருந்து வெளியிட்ட சாகா என்னும் கார், ஆசிரியர், எழுத்தர், சிறு வணிகர் ஆகியோரின் வாசலுக்குக் காரைக் கொண்டுவந்தது. ஆனால் தோட்டத்தை விட்டு நகரத்துக்கு வந்து ஆலைகளில் வேலை தேடிக்கொண்டவர்களுக்கு அதுவும் தொலைவிலேயே இருந்தது.

அந்த இடைவெளியை நிரப்பவே இரண்டாவது தேசியக் கார் நிறுவனமான பெரோடுவா 1990களின் தொடக்கத்தில் உருவாக்கப்பட்டது. ஜப்பானின் டைஹாட்சு நிறுவனத்தின் தொழில்நுட்பத்தோடு, சிலாங்கூரின் ரவாங் வட்டாரத்தில் சுங்கை சோவில் அமைந்த ஆலையிலிருந்து 1994 ஆகஸ்டில் அதன் முதல் கார் வெளிவந்தது. மலாய் நாட்டுப்புறக் கதைகளில் புலியையும் முதலையையும் அறிவால் வெல்லும் சருகுமானின் பெயரான கஞ்சில் என்பதே அதற்குச் சூட்டப்பட்டது. அதன் மூல வடிவம் டைஹாட்சு மீரா என்னும் கார். மீராவோ ஜப்பானில் கேய் என்று வழங்கும் வகையைச் சேர்ந்தது. நீளம், அகலம், எஞ்சின் கொள்ளளவு ஆகியவை சட்டம் வகுத்த எல்லைக்குள் அடங்கினால் வரிச்சலுகை பெறும் சிறிய கார்களையே ஜப்பானியர் கேய் என்கின்றனர். 1990 முதல் அவற்றின் எஞ்சினுக்கான உச்சவரம்பு 660 சிசி. ஆகவே கஞ்சிலும் தொடக்கத்தில் மூன்று சிலிண்டர் கொண்ட 660 சிசி எஞ்சினோடும், ஏறத்தாழ 30 குதிரைத்திறனோடும், சுமார் 3.3 மீட்டர் நீளமும் 1.4 மீட்டர் அகலமும் உடையதாக இருந்தது. 850 சிசி ரகம் பிறகு சேர்ந்தது. இந்தியாவில் 1983 இறுதியில் வந்த மாருதி 800 காரும் சுசுகியின் சிறிய காரொன்றிலிருந்து பிறந்ததே என்பதால், தமிழ்நாட்டு வாசகர் இவ்விரண்டையும் ஒரே வகையில் வைத்து எண்ணலாம்.

கஞ்சில் வந்த காலத்தைத் தனியே கவனிக்க வேண்டும். 1970களிலிருந்து கிள்ளான் பள்ளத்தாக்கின் ரப்பர் தோட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாக நகரங்களாக மாறிக்கொண்டிருந்தன. சீபீல்ட் தோட்டம் சுபாங் ஜெயா, யுஎஸ்ஜே குடியிருப்புகளாகவும், ரெங்கம் தோட்ட நிலம் ஷா ஆலாமின் பகுதியாகவும் மாறின. அங்கிருந்து வெளியேறிய தமிழ்க் குடும்பங்கள் கிள்ளான், பூச்சோங், பெட்டாலிங் ஜெயா ஆகியவற்றின் கம்பம் எனப்படும் புறநகர்க் குடியிருப்புகளிலும் பின்னர் மலிவு விலை அடுக்குமாடி வீடுகளிலும் குடியேறின. வேலை ஓரிடத்திலும் வீடு வேறிடத்திலும் பிள்ளைகளின் தமிழ்ப்பள்ளி மூன்றாவது ஓரிடத்திலும் அமைந்த இவ்வாழ்க்கைக்குப் பொதுப் போக்குவரத்து போதுமானதாக இல்லை. சிவப்பு நிற மினி பஸ்கள் 1975 முதல் 1998 வரை ஓடின. செந்தூலையும் கிள்ளான் துறைமுகத்தையும் இணைக்கும் கொமுட்டர் இரயில் 1995இல்தான் வந்தது. இரவு ஷிப்ட் முடிந்து வெளிவரும் தொழிலாளிக்கு இவற்றில் எதுவும் பெரிதாக உதவவில்லை. எனவே ஒரே மோட்டார் சைக்கிளில் தந்தை, தாய், இரு பிள்ளைகள் என்று மழையிலும் வெயிலிலும் செல்வது வழக்கமான காட்சியாயிற்று. கூட்டரசு நெடுஞ்சாலையில் 1970களிலேயே மோட்டார் சைக்கிள்களுக்கென்று தனிப்பாதை அமைக்க வேண்டியிருந்தது என்பதே அவற்றின் பெருக்கத்தையும் ஆபத்தையும் காட்டும். மலேசியச் சாலை விபத்துகளில் உயிரிழப்போரில் பாதிக்கு மேற்பட்டோர் இன்றும் மோட்டார் சைக்கிளில் செல்வோரே. கஞ்சிலின் நிறைகுறைகளை ஆராய்வோர் அதைப் பெரிய கார்களோடு மட்டும் ஒப்பிடுவது பொருந்தாது; அக்குடும்பங்கள் எதை விட்டு அதற்கு மாறின என்பதையே முதல் அளவுகோலாகக் கொள்ள வேண்டும்.

அந்த அளவுகோலின்படி கஞ்சிலின் நிறைகள் பல. தேசியக் கார் என்பதால் இறக்குமதிக் கார்கள் மீது விழுந்த உயர்ந்த வரிகள் அதன் விலையை அழுத்தவில்லை. 1967ஆம் ஆண்டின் வாடகைக் கொள்முதல் சட்டம், விலையில் பத்தில் ஒரு பங்கை முன்பணமாகக் கட்டி மீதியை மாதத் தவணையில் செலுத்தும் முறையை ஒழுங்குபடுத்தியிருந்ததால், கையில் பெருந்தொகை இல்லாதவரும் அதை வாங்க முடிந்தது. 1000 சிசிக்குள் அடங்கும் காருக்குத் தீபகற்ப மலேசியாவில் இன்றும் சாலை வரி ஆண்டுக்கு 20 ரிங்கிட்டே. பெட்ரோல் செலவு குறைவு. பாகங்கள் எங்கும் கிடைத்தன. எஞ்சினின் அமைப்பு எளிமையாக இருந்ததால் வீட்டுக்கு அருகிலுள்ள சிறு பட்டறையே அதைப் பழுதுபார்க்கப் போதுமானதாயிற்று. நான்கு பக்கக் கதவுகளோடு பின்கதவும் இருந்ததால் முதியோரும் குழந்தைகளும் எளிதில் ஏறி இறங்கினர். பிரிக்பீல்ட்ஸின் துன் சம்பந்தன் சாலையிலும் கிள்ளானின் தெங்கு கிளானா சாலையிலும், பழைய கடைவீடுகளின் முன்னே பெரிய காருக்கு இடம் கிடைக்காத நேரத்திலும் கஞ்சிலை நிறுத்திவிட முடிந்தது. தீபாவளிக்கு முந்திய வாரத்தில் அங்கு சென்றவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

இந்நிறைகளில் பெரிதும் பேசப்படாதது ஒன்று உண்டு. ஓட்டுநர் பயிற்சிப் பள்ளிகள் கஞ்சிலைப் பெருமளவில் வாங்கிப் பயன்படுத்தியதால், மேட்டில் நிறுத்தி எடுப்பது, பக்கவாட்டில் நிறுத்துவது, மும்முறை திருப்புவது ஆகிய தேர்வுப் பாடங்களை ஒரு தலைமுறையே அதில்தான் கற்றது. வீட்டில் கார் இல்லாத பெண்களும் இளைஞர்களும் முதன்முதலில் பிடித்த ஸ்டீயரிங் பெரும்பாலும் கஞ்சிலுடையதே. வேலைக்கும் பிள்ளைகளின் பள்ளிக்கும் தாமே காரோட்டிச் செல்லும் தாய்மார்கள் நகர்ப்புறத் தமிழ்க் குடும்பங்களில் பெருகியதற்கு இது துணைசெய்தது. கஞ்சிலின் சமூகப் பயன்களில் இதுவே ஆழமானது எனலாம்.

குறைகளும் அதே சிறுமையிலிருந்து பிறந்தவையே. ஐந்து பேர் ஏறிக் குளிரூட்டியையும் இயக்கினால் 660 சிசி எஞ்சின் திணறியது. சுமார் 1,800 மீட்டர் உயரத்திலுள்ள கெந்திங் மலைக்கு ஏறும்போது குளிரூட்டியை நிறுத்திவிட்டு ஏறுவதை ஓட்டுநர்கள் வழக்கமாகக் கொண்டனர். 12 அங்குலச் சக்கரங்கள் பள்ளங்களின் அதிர்ச்சியை அப்படியே உள்ளே கடத்தின. இவற்றைவிடக் கடுமையான குறை பாதுகாப்பு. துறைமுகத்திலிருந்து கொள்கலன் ஏற்றி வரும் லாரிகள் இரவும் பகலும் ஓடும் சாலைகளில், காற்றுப்பையும், சறுக்கலின்றி நிறுத்தும் ஏபிஎஸ் பிரேக்கும் இல்லாத, மெல்லிய கதவுகள் கொண்ட இலேசான கார் தன்னுள் இருப்போரைக் காக்கும் ஆற்றல் மிகக் குறைவாகவே கொண்டிருந்தது. எஞ்சினின் போதாமையை நிறைவு செய்ய, ஜப்பானில் பாதியாக வெட்டப்பட்டு இறக்குமதியாகும் பழைய கார்களின் முன்பகுதியிலிருந்து டர்போ எஞ்சினைக் கழற்றிக் கஞ்சிலில் பொருத்தும் வழக்கமும் இளைஞரிடையே பரவியது. உடலும் பிரேக்கும் தாங்கும் அளவுக்கு மீறிய வேகத்தை அது கொடுத்ததால், குறை தீர்வதற்குப் பதிலாக ஆபத்தே மிகுந்தது.

இங்கே பொறுப்பைக் காரின் மீதோ வாங்கியவர் மீதோ சுமத்துவது நியாயமாகாது. முன்னிருக்கையில் இருப்போர் இருக்கை வார் அணிவது 1979இலேயே கட்டாயமாக்கப்பட்டது. பின்னிருக்கைக்கு அச்சட்டம் 2009 ஜனவரியில்தான் வந்தது. குழந்தை இருக்கை 2020இல் கட்டாயமாயிற்று. மோதல் சோதனை நடத்திக் கார்களுக்கு நட்சத்திரம் வழங்கும் ஆசியான் என்கேப் அமைப்பு, மிரோஸ் எனப்படும் மலேசியச் சாலைப் பாதுகாப்பு ஆய்வுக் கழகத்தின் பங்கேற்போடு 2011இல் அமைந்தது; அதன் முதல் முடிவுகள் 2013இல் வெளிவந்தன. கஞ்சிலின் உற்பத்தியோ 2009இல் நின்றுவிட்டது. அதாவது, 7 இலட்சத்துக்கும் மேற்பட்ட கஞ்சில்கள் விற்ற 15 ஆண்டுகளில், வாங்குவோர் பாதுகாப்பை அளந்து பார்க்க உள்நாட்டில் எந்த அளவுகோலும் இல்லை. விலையைக் காக்க வரிச்சுவர் எழுப்பிய அரசு, அந்தச் சுவருக்குள் விற்கும் காருக்கு உயர்ந்த பாதுகாப்புத் தரத்தையும் அப்போதே விதித்திருக்க வேண்டும்.

பொருளாதார இடர்கள் சிறிய காரின் மதிப்பை மீண்டும் மீண்டும் உணர்த்தின. 1997இல் 4 இலட்சத்தைத் தாண்டிய நாட்டின் மொத்த வாகன விற்பனை ஆசிய நிதி நெருக்கடியால் 1998இல் பாதிக்கும் கீழே சரிந்தது. 2008 ஜூனில் பெட்ரோல் விலை ஒரே நாளில் லிட்டருக்கு 1.92 ரிங்கிட்டிலிருந்து 2.70 ரிங்கிட்டாக ஏறியது. பெரிய கார் வைத்திருந்தோர் இத்தகைய நாட்களில் திண்டாடியபோது, கஞ்சில் குடும்பங்களால் ஓரளவு சமாளிக்க முடிந்தது. அதன் இடத்துக்கு 2007இல் வீவாவும், 2014இல் ஆக்சியாவும் வந்தன. அடிப்படை ரகம் 25,000 ரிங்கிட்டுக்குள் விற்ற முதல் ஆக்சியாவிலேயே முன்னிருக்கை இரண்டுக்கும் காற்றுப்பைகள் இருந்தன. மலிவும் பாதுகாப்பும் ஒரே காரில் சேர முடியும் என்பதற்கு அது சான்று.

பழைய கஞ்சில்கள் இன்னும் கிள்ளானிலும் பிரிக்பீல்ட்ஸிலும் ஓடுகின்றன. உரிமை மாற்றத்துக்கு முன் புஸ்பாகோம் போன்ற வாகனப் பரிசோதனை நிலையங்களில் பரிசோதிக்கப்பட்டு அவை கை மாறியும் வருகின்றன. அவற்றைப் பற்றிய தீர்ப்பு இரண்டு பகுதிகளைக் கொண்டது: குடும்பத்தை மோட்டார் சைக்கிளிலிருந்து இறக்கிக் கூரையின் கீழ் அமர்த்திய முதல் கார் என்ற வகையில் அது மதிப்புக்குரியது, ஊருக்குள் ஓட்டுவதற்கு இன்றும் ஏற்றது, பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு நெடுஞ்சாலையில் நெடுந்தூரம் செல்வதற்கு ஏற்ற கார் அன்று.