தோற்ற தளபதியும் கண்டிப் புரொக்டரும்

1882 டிசம்பர் 21இல் ‘முஸ்லிம் நேசன்’ முதல் இதழ் வெளிவந்ததோடு போன வாரம் நிறுத்தினோம். அந்தப் பத்திரிகையைத் தொடங்கிய புரொக்டர் சித்தி லெப்பை கண்டி நகரில் முஸ்லிம் பெண்பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் திறந்த கதையை இந்த வாரம் சொல்ல வேண்டும். ஆனால் அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போகும் வழியில் எகிப்து குறுக்கிடுகிறது. பத்திரிகை தொடங்கி மூன்று வாரம்கூட ஆகாத நிலையில், 1883 ஜனவரியில், எகிப்திலிருந்து நாடு கடத்தப்பட்ட தளபதி ஒராபி பாஷாவையும் கூட்டாளிகளையும் ஏற்றிய ‘மரியோட்டிஸ்’ கப்பல் கொழும்புக்கு வந்து சேர்ந்தது.

ஒராபி அரண்மனையில் பிறந்த பாஷா அல்லர். நைல் கழிமுகக் கிராமமொன்றில் உழவர் குடியில் பிறந்தவர், அல் அஸ்ஹரில் ஓதியவர். எகிப்துப் படையின் மேல்பதவிகளைத் துருக்கிய, சர்க்காசியப் பிரபுக்கள் பிடித்து வைத்திருந்த காலத்தில், இருபது வயதிலேயே லெப்டினன்ட் கேர்ணல் ஆனார். 1881 செப்டெம்பர் 9ஆம் தேதி படையோடு அப்தீன் அரண்மனை முற்றத்தில் போய் நின்றார். மந்திரிசபை விலக வேண்டும், நாடாளுமன்றம் கூட வேண்டும் என்று எகிப்தை ஆண்ட கெதீவ் தவ்ஃபீக்கின் முகத்துக்கு நேரே கேட்டார். மன்னன் பணிந்தான். ஓர் உழவன் மகன் ஆட்சியாளனிடம் கணக்குக் கேட்ட அந்த நாளுக்காகவே அவரை வீரர் என்பேன்.

அடுத்த ஆண்டு ஜூலை 11இல், ஒராபியின் எழுச்சியை ஒடுக்க வந்த பிரிட்டிஷ் போர்க்கப்பல்கள் அலெக்சாந்திரியாவைக் குண்டு வீசி எரித்தன. சொந்த நகரம் எரியும்போது தவ்ஃபீக் ஆங்கிலேயரின் பக்கம் போய்ச் சேர்ந்தான். இந்தக் கதையின் வில்லன் யார் என்று கேட்டால் நான் ஆங்கிலேயத் தளபதி வூல்சிலியைக்கூட இரண்டாவதாகத்தான் சொல்வேன்.

சுயஸ் கால்வாயை எந்தப் படையும் பயன்படுத்தாது என்று அதை வெட்டிய லெசெப்ஸ் உறுதி கூறினார். அதை நம்பி ஒராபி கால்வாயை அடைக்காமல் விட்டார். வூல்சிலி அதே கால்வாய் வழியாக இஸ்மாயிலியாவில் படையை இறக்கினார். செப்டெம்பர் 12ஆம் தேதி இரவு, விளக்கோ பேச்சோ இல்லாமல், நட்சத்திரங்களைப் பார்த்துத் திசை பிடித்து ஆங்கிலப்படை பாலைவனத்தைக் கடந்தது. 13ஆம் தேதி விடியுமுன், தெல் எல் கபீர் அகழிகளில் எகிப்தியர் எதிர்பாராத நேரத்தில் ஸ்கொத்லாந்துப் படையினர் துப்பாக்கிமுனைக் கத்தியோடு பாய்ந்தார்கள். சூடானியப் படைப்பிரிவுகள் நின்ற இடத்திலேயே நின்று போராடி மடிந்தன. ஒரு மணி நேரத்துக்குள் எல்லாம் முடிந்தது. எகிப்தின் விடுதலை எழுபது ஆண்டுகள் பின்னே போனது.

டிசம்பரில் ஒராபிக்கு மரண தண்டனை விதித்தார்கள், உடனே அதை நாடு கடத்தலாகக் குறைத்தார்கள். இலங்கை அவருக்குச் சிறையானது. ஆனால் இங்கே அவரைக் கைதியாகப் பார்க்க எந்த முஸ்லிமும் தயாராக இல்லை. அவர் அணிந்த துருக்கித் தொப்பி ஊரெல்லாம் பரவியது.

சித்தி லெப்பையின் கண் தொப்பிக்குக் கீழே இருந்த தலையில் பதிந்தது. மிஷன் பள்ளிக்கு அனுப்பினால் பிள்ளையின் ஈமான் போய்விடும் என்று அஞ்சிய வாப்பாமார் நிறைந்த காலம் அது. அவர்கள் முன்னே அல் அஸ்ஹரில் ஓதிய ஒரு பாஷா, நாற்பது வயதைக் கடந்தபின் ஆங்கிலம் படித்தார். ஆங்கிலம் படித்தும் தொழுகை விடவில்லை. நூறு தலையங்கம் எழுதினாலும் கிடைக்காத சான்று இது. புரொக்டரான சித்தி லெப்பை சான்றின் மதிப்பை அறிந்தவர். அவரும் ஒராபியும் கட்டட வல்லுநர் வாப்பிச்சி மரைக்காரும் கைகோத்ததன் விளைச்சல்தான் 1892இல் மருதானையில் எழுந்த ஸாஹிரா கல்லூரி.

மகன்களுக்கு ஸாஹிரா கிடைத்தது. மகள்களுக்கு? சித்தி லெப்பை மற்றச் சீர்திருத்தக்காரர்களைத் தாண்டி நிற்பது இந்தக் கேள்வியில்தான் என்பது என் துணிபு. பிள்ளையின் முதல் பள்ளிக்கூடம் வீடு, முதல் ஆசிரியை உம்மா. அந்த உம்மாவுக்கே எழுத்துத் தெரியாவிட்டால் வெளியே எத்தனை கல்லூரி கட்டினாலும் அத்திவாரம் இல்லை. சமூகம் முகம் சுளித்த வேலையை அவர் தன் குடும்பத்திலிருந்தே தொடங்கினார், சொந்தச் சகோதரியையே துணைக்கு அழைத்தார். ஊரார் பிள்ளையைப் படிக்க அனுப்பச் சொல்லும் முன் தன் வீட்டுப் பெண்ணை முன்னே நிறுத்தியவருக்கு, ஒராபிக்கு அப்தீன் முற்றத்தில் இருந்த துணிவுக்குக் குறையாத துணிவு வேண்டியிருந்தது.

ஒராபியும் பின்னாளில் கண்டிக்கே குடிவந்தார். ஹல்லொலுவ வீதியில் அவர் வாழ்ந்த வீடு இன்று நினைவு அருங்காட்சியகம். 1901இல் மன்னிப்புப் பெற்று எகிப்து திரும்பினார். சித்தி லெப்பை அதற்கு மூன்று ஆண்டுகள் முன்பே, 1898இல், காலமாகிவிட்டார்.

பெண் பள்ளியில் என்ன நடந்தது, யார் எதிர்த்தார்கள் என்பதை அடுத்த வாரம் விரிவாகப் பார்ப்போம்.

(தொடரும்)